தராசு, பழைய துண்டு, மூடிய பெட்டி: பறவை மறுவாழ்வு மையத்துக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் பறவை மீட்பு மையங்களில் போன் ஓயாது. காக்கைக் குஞ்சு கீழே விழுந்துவிட்டது. மொட்டைமாடியில் பருந்து மயங்கிக் கிடக்கிறது. ஏசி பெட்டிக்குப் பின்னால் இருந்த மைனா கூட்டை மெக்கானிக் எடுத்துப் போட்டுவிட்டார், நாலு குஞ்சு இருக்கிறது, என்ன செய்ய? அதே சமயத்தில்தான் கல்லூரித் தேர்வுகள் முடிந்து மாணவர்களும் இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் அனுப்பத் தொடங்குகிறார்கள். கால்நடை மருத்துவம், விலங்கியல், சில சமயம் பொறியியலும் உண்டு. பறவைகளைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள்.

முதல் வாரம் கையாளப்போவது செய்தித்தாளைத்தான். பழையதைச் சுருட்டி எடுத்து, கூண்டுத் தட்டைத் துடைத்து, புதியதை விரிக்க வேண்டும். சுருட்டுவதற்கு முன் அதில் விழுந்திருக்கும் எச்சத்தைப் பார்த்து எழுத வேண்டும். எச்சத்தில் மூன்று பகுதி: கெட்டியான மலம், வெள்ளையான யூரேட் (சிறுநீரின் கெட்டிப் பகுதி), தெளிவான நீர். மலம் கரும்பச்சையாகக் கொஞ்சமே இருந்தால் பறவை சாப்பிடவில்லை. வெள்ளைப் பகுதி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியிருந்தால் ஈரலில் கோளாறு இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூண்டுக்குள் கையை நுழைக்காமல் ஒரு பறவையைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. இந்தத் தொழிலில் திறமை என்பதில் பாதி, எப்போது தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது. மீதிப் பாதி, தொட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துக் கையை எடுத்துவிடுவது.

மையத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கொஞ்சம். பெங்களூருவில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் மட்டுமே பார்க்கும் மையம் உண்டு. டெல்லி வஜிராபாத்தில் கரும்பருந்துகளுக்கென்றே பெயர்பெற்ற வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ இருக்கிறது. காசிரங்காவுக்குப் பக்கத்தில் 2002 முதல் இயங்கும் மையத்துக்கு யானைக்குட்டியும் வரும், பெருநாரையும் வரும். சென்னையில் என்றால் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அடிபட்ட பறவைகளைக் கொண்டுவருகிறார்கள். பி.வி.எஸ்சி. படிப்பில் கடைசி ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப்தான் என்பதால் அவர்களுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மற்றவர்கள் கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

கேட்கும்போது நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள். வனத்துறையின் அனுமதி இருக்கிறதா? மருத்துவர் தினமும் வருகிறாரா, போனில் மட்டும் சொல்கிறாரா? வந்தவை எத்தனை, பறந்து போனவை எத்தனை, செத்தவை எத்தனை என்று பதிவேடு இருக்கிறதா? செத்த கணக்கைக் காட்டத் தயங்கும் இடத்தில் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்காது. மையத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தோளில் ஆந்தை, கன்னத்தோடு கன்னமாகக் கிளி என்று படங்கள் வரிசையாக இருந்தால் வேறு இடம் தேடலாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதே வேட்டைதான். காயம்பட்டதைத் தூக்கிவந்து காப்பாற்றுவதும் வனத்துறைக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். முன்பு காக்கையைத் தொல்லை உயிரினம் என்று ஒரு பட்டியலில் வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தில் அந்தப் பட்டியலே இல்லை. ஆகவே 'ராத்திரி மட்டும் ஹாஸ்டலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சு எந்தப் பறவைக்கும் வேண்டாம். சேரும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, முகக்கவசம் எடுத்துப் போங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சென்ட் வேண்டாம்.

இனி ஒரு பறவை உள்ளே வரும்போது நடப்பதைப் பார்க்கலாம். பட்டம் விடும் மாஞ்சா நூல் அறுத்த கரும்பருந்து என்று வைத்துக்கொள்வோம், நம் நகரங்களில் சலிக்கச் சலிக்க வரும் கேஸ் அதுதான். நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடை செய்தது. இருந்தும் அகமதாபாத்தில் ஜனவரி 14ஐச் சுற்றியும் டெல்லியில் ஆகஸ்ட் 15ஐச் சுற்றியும் அறுபட்ட பறவைகள் வந்து குவிகின்றன. குஜராத் அரசு ஜனவரி 10 முதல் 20 வரை இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்துகிறது. கூட்டமாக வரும் கேஸ்களைப் பார்த்துப் பழக விரும்பும் மாணவர்கள் அந்த வாரத்தில் அங்கே போவது பயனுள்ளது.

அட்டைப்பெட்டி மேசைக்கு வந்ததும் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். திறக்காதீர்கள். முதலில் கொண்டுவந்தவரிடம் பேச வேண்டும். எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை மணிக்குக் கண்டீர்கள், வாயில் ஏதாவது ஊற்றினீர்களா? பால் சாதம் ஊட்டியிருப்பார்கள், மஞ்சள்தூள் வைத்து அழுத்தியிருப்பார்கள். முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். திட்டினால் அடுத்த முறை உண்மை வராது, பறவையும் வராது. இடத்தைத் துல்லியமாக எழுதுவது முக்கியம். குணமான பருந்தை அதன் எல்லைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும், 'அம்பத்தூர்' என்று மட்டும் எழுதினால் அது எங்கே என்று யாருக்குத் தெரியும்?

பெட்டி இருட்டில், சத்தமில்லாத அறையில், 20 நிமிடம் அப்படியே இருக்கட்டும். ரத்தம் சொட்டினால் மட்டும் விதிவிலக்கு. அந்த 20 நிமிடத்தில் மேசையைத் தயார் செய்ய வேண்டும்: பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் தராசு, இரண்டு பழைய துண்டு, 0.9 சதவீத சலைன், முனை மழுங்கிய கத்தரி, காஸ் துணி, ஊசி, வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்த ரிங்கர் லாக்டேட் (நீரிழப்புக்கு ஏற்றும் உப்புக் கரைசல்) பாட்டில். பறவையின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் இருக்கும். அறைச்சூட்டில் இருக்கிற திரவத்தை உள்ளே செலுத்தினால் அதைச் சூடாக்கவே அது தன் சக்தியைச் செலவழிக்கும். 38, 39 டிகிரி வரை சூடாக்கி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பிடிப்பது இப்படி. துண்டைத் தலைக்கு மேல் போட்டதும் பறவை அடங்கும். முதலில் கால்களைப் பிடிக்க வேண்டும், பருந்தின் ஆயுதம் நகம். இரண்டு தொடைகளையும் ஒரே கையில், நடுவே ஆள்காட்டி விரலைக் கொடுத்துப் பிடியுங்கள். மற்றக் கையால் இறக்கைகளை உடம்போடு மடக்கி அணைத்துக்கொள்ளுங்கள். மார்பை அழுத்தவே கூடாது. நமக்கு இருக்கும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பயந்துபோன மாணவர் இறுக்கிப் பிடிப்பார், பறவை சத்தமே போடாமல் கையிலேயே செத்துப்போகும், பதிவேட்டில் 'அதிர்ச்சியில் இறந்தது' என்று எழுதுவார்கள். அந்த வரியில் எத்தனை கைப்பிடிகள் ஒளிந்திருக்கின்றனவோ. பறவை வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கினால் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தொடரலாம்.

முதலில் எடை. எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வரும். பிறகு மார்பெலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டினால் சதை தெரியும். கத்தி முனை மாதிரி குத்தினால் பல நாள் பட்டினி. இறக்கையின் அடியில், முழங்கைப் பக்கம் ஓடும் ரத்தநாளத்தை ஒரு விரலால் அழுத்தி விட்டால் கண் இமைப்பதற்குள் நிரம்ப வேண்டும். ஒரு விநாடி தாண்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. அடிபட்டு வரும் பறவைக்கு 10 சதவீத நீரிழப்பு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். 600 கிராம் பருந்துக்கு இழப்பு 60 மி.லி. அதில் பாதி முதல் நாளிலேயே போக வேண்டும், 30. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மி.லி. வீதம் இன்னொரு 30. ஆக முதல் நாளில் 60 மி.லி. மூன்று வேளையாகப் பிரித்து, வேளைக்கு 20, ஒரு தொடைக்கு 10. தொடையும் வயிறும் சேரும் இடத்தில் தளர்வாக இருக்கும் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியால் செலுத்துவார்கள். கழுத்துப் பக்கம் போடக்கூடாது, தோலுக்கு அடியிலேயே காற்றுப்பை இருக்கும். அளவை முடிவு செய்வது மருத்துவர். ஆனால் கணக்கை நீங்களும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். புள்ளி வைப்பதில் தவறி 6 மி.லி. என்றோ 600 என்றோ எழுதியதை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லதுதானே.

வாயில் தண்ணீர் சொட்டுவிடும் பழக்கத்தை முதல் நாளே மறந்துவிடுங்கள். பறவை வாயைத் திறந்தால் நாக்கின் வேர்ப்பகுதியில் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுத்துளை. மயக்கத்தில் இருக்கும் பறவையின் வாயில் விட்ட நீர் நேராக அதற்குள் போகும். அன்று தெரியாது, மூன்றாம் நாள் நிமோனியாவாகத் தெரியும். டியூப் வழியாக ஊட்டுவது என்றால் கழுத்தை நேராக நீட்டி, பறவையின் வலப்பக்கமாகக் குழாயை இறக்க வேண்டும், உணவுக்குழாய் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. குழாயின் முனை தோலுக்கு அடியில் இறங்குவதை வெளியிலிருந்து விரலால் தொட்டு உணர முடியும். அது தெரியாமல் சிரிஞ்சை அழுத்தக்கூடாது. எலும்பும் தோலுமாக வந்த பறவைக்கு முதல் நாளே கறித்துண்டு கொடுப்பதும் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்பு திடீர் உணவைத் தாங்காது. திரவம் ஏறி, எச்சம் போட்ட பிறகுதான் நீர்த்த உணவு, அதற்கும் பிறகுதான் கறி.

காயத்துக்கு வருவோம். நூல் சதைக்குள் புதைந்திருந்தால் இழுக்காதீர்கள். இழுக்கும்போது அது மறுபடி ஒரு தடவை அறுக்கும். இரு பக்கமும் வெட்டி, சலைனால் நனைத்து, தளர்ந்த பிறகு எடுக்க வேண்டும். மாஞ்சா பெரும்பாலும் அறுப்பது தோளிலிருந்து மணிக்கட்டு வரை முன்பக்கம் விரிந்திருக்கும் இறக்கைச் சவ்வை. பார்க்க வெறும் தோல் கிழிந்த மாதிரி இருக்கும். ஆனால் அதன் முன் ஓரத்தில் ஒரு தசைநாண் ஓடுகிறது. அது போய்விட்டால் எலும்பு அத்தனையும் நன்றாக இருந்தாலும் பறக்க முடியாது. சவ்வு காய்ந்து சுருங்கிவிட்டால் தையல் போடவும் வழியில்லை. அதனால் அறுவைக்குப் போகும்வரை ஈரமான காஸ் வைத்து மூடியிருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு, டர்பன்டைன், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசையான களிம்பும் வேண்டாம், இறகில் ஒட்டி அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

எலும்பு முறிவில் பறவை நம்மைவிட வேகம். இரண்டு, மூன்று வாரத்தில் கூடிவிடும். நல்ல செய்தி மாதிரி இருக்கும், ஆனால் நாலைந்து நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுவந்தால் கோணலாகவே கூடத் தொடங்கியிருக்கும். முழங்கைக்குக் கீழே என்றால் எட்டு வடிவக் கட்டு, தோள் எலும்பு என்றால் அதோடு உடம்பையும் சேர்த்துச் சுற்றுவார்கள். கட்டு இறுகினால் மூச்சு நிற்கும், மூன்று வாரம் பிரிக்காமல் விட்டால் மூட்டு இறுகும். நாலு நாளுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்து இறக்கையை மெல்ல நீட்டி மடக்குவது அதனால்தான். அப்போது பறவையின் தலையில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது மாணவர் வேலை. சுவாரசியமில்லாத வேலை என்று நினைப்பீர்கள், எண்ணிக்கை குறைவதை முதலில் கவனிக்கப்போவது நீங்கள்தான்.

வலி மருந்து பற்றி ஒன்று. அலமாரியில் மெலாக்சிகாம் இருக்கிறதா என்று பாருங்கள், டைக்ளோஃபினாக் இருந்தால் கேள்வி கேளுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்தான், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதே மாதிரியான வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வர 2023 ஆயிற்று.

பருந்து ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால், குஞ்சுகள் நாள் முழுவதையும் தின்றுவிடும். ஆனால் ஊட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: இந்தக் குஞ்சு உண்மையிலேயே அநாதையா?

கோடையில் வருவதில் நிறைய அநாதையே இல்லை. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கும் காக்கைக் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் மேலே மரத்தில் இருந்துகொண்டு பக்கத்தில் போகிறவரின் தலையில் கொத்துகின்றன, அதனால்தான் மக்கள் அதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. போனை எடுக்கும் மாணவர் மூன்றே கேள்வியில் இதைத் தீர்த்துவிடலாம். இறகு இருக்கிறதா? விரலில் பற்றிக்கொண்டு நிற்கிறதா? பெரிய பறவை பக்கத்தில் கத்துகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நாய், பூனை எட்டாத கிளையிலோ மதிலிலோ வைத்துவிட்டு விலகச் சொல்லுங்கள். இறகில்லாத குஞ்சு, கூடும் கலைந்துவிட்டது என்றால் அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த இலை, தேங்காய் நார் போட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிழலில் கட்டலாம். தூரத்தில் நின்று ஓரிரு மணி நேரம் பார்க்க வேண்டும். பெற்றோர் வந்தால் அந்தக் குஞ்சுக்கு நம் மையத்தைவிட ஆயிரம் மடங்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. வீடியோ அனுப்பச் சொல்லி வழிநடத்த வேண்டிய வேலை இது. ஒரு மாணவர் போனில் உட்கார்ந்தே ஒரு கோடையில் காப்பாற்றும் குஞ்சுகள், ஊட்டிக் காப்பாற்றுவதைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

கருப்பாக இருப்பதெல்லாம் காக்கைக் குஞ்சு என்று முடிவு கட்டாதீர்கள். காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சும் வரும். அதற்குப் பப்பாளி, வாழைப்பழம், அத்திப்பழம் எல்லாம் வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே அநாதை என்றால் முதலில் சூடு, பிறகு நீர், அதற்குப் பிறகுதான் உணவு. குளிர்ந்த குஞ்சின் வயிற்றில் உணவு செரிக்காமல் அப்படியே நிற்கும். இறகே இல்லாததற்குச் சுமார் 35 டிகிரி, முள்முள்ளாக இறகு குத்திக்கொண்டு நிற்பதற்கு 30 முதல் 32, இறகு மூடியதற்கு அறையின் சூடே போதும். தெர்மாமீட்டர் குஞ்சு படுத்திருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், பெட்டியின் மூடியில் ஒட்டியிருப்பது பொய் சொல்லும். சூடு அதிகமானால் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து விலகிப் படுக்கும். குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்.

மைனாக் குஞ்சுக்குக் காலை 6 மணியிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கு ஒருமுறை. கண் திறக்காததற்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை. ஊறவைத்த பூனை உணவு, மசித்த அவித்த முட்டை, கால்சியம் பொடி, பிறகு தலை நசுக்கிய மீல்வார்ம் (வண்டுப் புழு). பால், பிரெட், ஊறிய சோறு கிடையாது. கூட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டினால் கழுத்துகள் எழும்பி வாய்கள் திறக்கும். அந்த வாயின் ஆழத்தில் வைத்துவிட வேண்டும், நுனியில் வைத்தால் துப்பிவிடும். ஒரு வாய்க்கு ஒரு பட்டாணி அளவு. ஊட்டியவுடன் குஞ்சு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும், ஜெல்லி உறை போட்ட வெள்ளை மூட்டை ஒன்று வரும், அதை இடுக்கியால் எடுத்துவிட்டால் கூடு சுத்தம். தாய் செய்வதும் அதுதான். நேரம், அளவு, எச்சம் மூன்றையும் குறித்துவிட்டு அடுத்த பெட்டி. இருபது பெட்டி முடியும்போது முதல் பெட்டியின் நேரம் வந்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி இடுக்கி, தனி சிரிஞ்ச். அவசரத்தில் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் ஒரு புறாக் குஞ்சின் தொண்டையில் இருந்த மஞ்சள் சீஸ் மாதிரியான நோய் ஒரே வாரத்தில் அறை முழுதும் பரவும். அந்த மஞ்சள் படலத்தைச் சுரண்டி எடுக்கவும் முயலாதீர்கள், ரத்தம் நிற்காது.

கிளிக் குஞ்சு வேறு கதை. அதற்கு நீர்த்த கஞ்சி மாதிரியான பொடி உணவு, சூடு 38 முதல் 40 டிகிரிக்குள். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஒரு சூட்டுத் திட்டு நிற்கும், கலக்காமல் கொடுத்தால் தீனிப்பை வெந்து, சில நாளில் வெளியே ஓட்டை விழும். தீனிப்பை முழுக்கக் காலியாவது நாளுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே புளித்துவிடும். ஆந்தை, பருந்துக் குஞ்சுகளுக்கு வெறும் கோழிச் சதையை மட்டும் கொடுத்து வளர்ப்பது அடுத்த பெரிய தவறு. சதையில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. இரண்டே வாரத்தில் கால் வளைந்து, எலும்பு ரப்பர் மாதிரி ஆகிவிடும். எலும்போடு நறுக்கிய எலி, ஒருநாள் கோழிக்குஞ்சு, இல்லையென்றால் கணக்கிட்ட கால்சியம்.

ஊட்டும்போது பேசாதீர்கள். செல்லப்பெயர் வைக்காதீர்கள், பெட்டி எண் போதும். கூகை, புள்ளி ஆந்தை, காக்கை, பருந்து இவை சின்ன வயதில் யார் ஊட்டுகிறார்களோ அவர்களைத் தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி வளர்ந்த பறவை வெளியே போனதும் யாரோ ஒருவர் தோளில் வந்து உட்காரும், அவர் பயந்து கட்டையால் அடிப்பார். முகத்தின் மேல் துணி, கையில் அந்தப் பறவையின் முகம் வரைந்த உறை, முடிந்தவரை அதே இனக் குஞ்சோடு சேர்த்து வளர்ப்பது, இவ்வளவும் அதைத் தடுக்கத்தான்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக. முதலில் சோப்பு, பிறகு கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச்சிங் கரைசல் வேலை செய்யாது. பறவை உள்ளே இருக்கும்போது பிளீச்சிங் கூடவே கூடாது. பறவையின் நுரையீரல் வாயுவை நம்மைவிட வேகமாக உறிஞ்சும். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் அந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது. நான்ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து புகைந்தால் பக்கத்து அறைக் கிளிகள் சில நிமிடங்களில் விழும், டீ போடுகிறவரிடமும் சொல்லிவையுங்கள். வைக்கோல் படுக்கையும் ஆகாது, ஈரப்பட்டால் பூஞ்சை வந்து பருந்தின் காற்றுப்பையில் குடியேறும். கம்பிவலைக் கூண்டில் பருந்தை வைத்தால் இரண்டே நாளில் வால் இறகுகள் தேய்ந்து ஈர்க்குச்சியாகிவிடும், அடுத்த இறகுதிர்வுவரை அதை வெளியே விட முடியாது. செங்குத்தாக நிறுத்திய மூங்கில் அல்லது பிவிசி குழாய்ச் சுவர்தான் வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமை வாலுக்கு உறை போட்டுக் காகிதப் பிளாஸ்திரியால் ஒட்டுவார்கள், மலிவான, அருமையான உத்தி.

காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்த தகவல் வந்தால் மாணவர் போகக்கூடாது. 2021 ஜனவரியில் பல மாநிலங்களில் காகங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. மாதிரி எடுத்து போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவது கால்நடைத் துறையின் வேலை. கழுத்து முறுக்கிய புறாவைத் தனி அறையில், தனி மேலங்கியோடு பார்க்க வேண்டும். அது வெள்ளைக்கழிச்சல் நோயின் உறவுக்கார வைரஸாக இருக்கலாம்.

நீர்ப்பறவைகளுக்கு வேறு பழக்கம் வேண்டும். மடையான், வக்கா போன்றவை நேராகக் கண்ணைக் குறிவைக்கும். முதலில் கண்ணாடி போடுங்கள், பிறகு அலகைப் பிடியுங்கள். கூழைக்கடாவின் அலகை முழுக்க மூடிக் கட்டக்கூடாது. அதன் மூக்குத்துளை அடைபட்டே இருக்கும், வாயால்தான் மூச்சு விடும். நீர்க்காகமும் அப்படியே. நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் தார் பூசியதுபோல் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வந்த பறவையை உடனே குளிப்பாட்டுவதுதான் கொல்லும் தவறு. முதல் ஒன்றிரண்டு நாள் சூடு, திரவம், ஊட்டம். உடம்பு தேறிய பிறகு 40 டிகிரி வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, தொட்டி மாற்றித் தொட்டி மாற்றிக் கழுவுவார்கள். அலசும்போது சோப்பு கொஞ்சம் தங்கினாலும் இறகு நீரை விலக்காது, பறவை நனைந்து மூழ்கும். பீச்சிய தண்ணீர் இறகின்மேல் முத்துமுத்தாக உருண்டால் போதும், அலசல் முடிந்தது.

எல்லாம் பிழைக்காது. அமெரிக்காவில் முழங்கையிலோ அதற்கு மேலோ இறக்கையை எடுக்க வேண்டிய காட்டுப் பறவையை, முழுக் குருடான பறவையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்று கூட்டாட்சி விதியே இருக்கிறது. நம் ஊரில் மனம் ஒப்பாமல் ஆயுளுக்கும் கூண்டில் வைத்திருக்கும் மையங்கள் நிறைய. பழகிய கிளி ஒருவேளை தாங்கும். ஒற்றை இறக்கையோடு தரையில் தத்தும் பருந்துக்கு உள்ளங்காலில் புண் வந்து, அது எலும்பைத் தொடும். கூண்டில் இடம் அதற்குப் போனதால் பிழைக்கக்கூடிய இன்னொன்றுக்கு இடம் இருக்காது. இந்த விஷயத்தில் அமெரிக்க விதி பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. மருத்துவர் முடிவெடுக்கும்போது பக்கத்தில் இருந்து காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உடற்கூறாய்வையும் பாருங்கள், ஒரு மாதம் படித்ததைவிட அதிகம் தெரியும்.

பிழைத்தவை பெரிய பறவைக்கூடத்துக்குப் போகும். அங்கே மாணவர் வேலை, மூலையில் துணி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணுவது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை தடவை பறந்தது, இறங்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தது, எத்தனையாவது சுற்றில் வாய் திறந்தது. இறக்கை இரண்டும் ஒரே உயரத்தில் அடிக்கிறதா என்று செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஊனம் தெரியும். ஆந்தை என்றால் கண்ணை மூடிக் கேளுங்கள், சத்தம் கேட்டால் இறகு இன்னும் தயாராகவில்லை. எலியைத் தானே பிடித்ததா என்பதும் எழுத வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் வரும் ஆறுமணிக்குருவிக்கு இந்த நீண்ட வழி தேவையில்லை. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வந்து, விடியலில் கண்ணாடிச் சுவரில் மோதியோ களைத்தோ சென்னை வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். எலும்பு சரியாக இருந்தால் இருட்டுப் பெட்டியில் சில மணி நேரம், பிறகு பக்கத்திலேயே புதரும் சருகும் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். வண்ணத்தைப் பார்த்து ஊரே கூடிவிடும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள், காட்டாதீர்கள்.

விடுவிக்கும் நாளில் மழை அறிவிப்பு இருக்கக்கூடாது. பருந்தைக் காலையில், வெயில் ஏறி மேலெழும் காற்று தொடங்கும் நேரத்தில் விட வேண்டும். ஆந்தையை இருட்டும் நேரத்தில். பகலில் விட்டால் ஐந்து நிமிடத்தில் காகங்கள் சூழ்ந்துவிடும், மூன்று வாரம் கட்டிய இறக்கை முப்பது கொத்தில் திரும்பி வரும். பெட்டியைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்து, திறப்பு மரத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். மேலே தூக்கி எறிய வேண்டாம். கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், இருக்கட்டும். போன திசை, உட்கார்ந்த கிளையின் உயரம், நேரம் மூன்றையும் பெட்டி எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். காலிப் பெட்டியை வெயிலில் காயவைக்காமல் எரித்துவிடுங்கள், அட்டையைக் கழுவ முடியாது. அரை மணிக்குள் இன்னொரு பெட்டி மேசைக்கு வந்திருக்கும்.